மலையைப் பார்த்துவிட்டுக் குளி

தென்காசியில் வீடு இருந்தால் ஆனி, ஆடியில் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. "சாரல் விழுந்துட்டா?" என்று மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன் வந்தபடி இருக்கும். வந்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை.

அந்த வேலையை எனக்குப் பழக்கியவர் மாமா. பேரருவி முன்னால் போய் நின்றதும் எல்லாரும் சட்டையைக் கழற்றுவார்கள். அவர் மட்டும் மலை முகட்டைப் பார்ப்பார், பிறகு தண்ணீரின் நிறத்தை. "மேக்க கருத்திருக்கு, பொறுங்கலே" என்று எங்களை உட்காரவைத்துவிடுவார். சின்ன வயதில் எனக்கு அழுகையே வரும்.

பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். நேரே தலையில் விழுந்தால் யாரும் தாங்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து வழிவதால்தான் நாம் குளிக்கிறோம். வெள்ளம் பெருகினால் அந்தத் தணிப்பு போதாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெளியே வந்து கொட்டும். அப்போது தடை போடுவார்கள். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் போலீஸ்காரரிடம் கெஞ்சி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அந்த வெள்ளத்தின் காணொளியைப் பார்த்தபோதுதான் மாமாவின் பார்வை எதற்கு என்று நெஞ்சில் உறைத்தது. மலை செங்குத்தானது. உச்சியில் கொட்டிய மழை கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்குவதும், இலையும் சுள்ளியும் சேர்ந்து வருவதும், இரைச்சல் கனப்பதும்தான் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. போலீஸ்காரர் விசில் ஊதும் வரை காத்திருக்கக் கூடாது.

அதற்கப்புறம் ஒரு சாரலில் ஐந்தருவியில் அக்கா பிள்ளைகளோடு நின்றேன். வெயில்தான். தண்ணீரில் லேசாகக் கலங்கல் தட்டியது. பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டேன். பாறை வழுக்கும் என்பதால் அவசரத்திலும் ஓடவிடவில்லை. கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொருவராக வந்தார்கள்.

"என்ன மாப்ள, நல்லாத்தானே விழுது? எல்லாரும் குளிக்காங்களே" என்றார் அத்தான்.

"மேல மழை அத்தான். பிறகு குளிப்போம்."

பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தோம். வெள்ளம் வரவில்லை. மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்தது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, அக்காதான் "வீணா பயந்துட்டியோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு பிள்ளைகள் மறுபடி நனைந்தார்கள், நான் மேற்கே பார்த்தபடி நின்றுகொண்டேன். இருட்டுவதற்குள் கிளம்பி, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.