துளையின் அளவும் பிழையின் அளவும்

கேரம் பலகையின் துளை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது ஓர் ஆலிமிடம் கேட்கத்தக்க கேள்விதானா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆயினும் திருமயத்தில் எம் தெரு இளைஞர்கள் இக்கேள்வியோடுதான் என்னிடம் வந்தனர். பெருநாள் விடுமுறைப் போட்டிக்குப் பந்தய அளவுள்ள புதுப் பலகை வாங்குவதா, பழகிய சிறு பலகையே போதுமா என்பதில் அவர்கள் இரு கட்சியாக நின்றார்கள்.

பந்தயப் பலகையின் ஆடுதளம் சுமார் 74 சென்டிமீட்டர் சதுரம். துளையின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். காய் 3.18-க்கு மேல் போகலாகாது, ஸ்டிரைக்கர் 4.13-க்கு மேல் போகலாகாது. ஆகவே காய்க்குத் துளையில் ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் மிஞ்சுகிறது. ஸ்டிரைக்கருக்கோ மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய இடம். துளை இன்னும் குறுகினால் ஸ்டிரைக்கர் விழவே விழாது. தவறுக்குத் தண்டனையில்லாமல் போய்விடும். அகன்றாலோ, குறி பாராமல் அடித்த காயும் உள்ளே போய்விடும். இந்த அளவை வகுத்தவர் நியாயம் அறிந்தவர் என்றே சொல்வேன்.

பூல் ஆட்டத்தில் பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம்; மூலைப் பையின் வாய் ஏறத்தாழ நான்கரை அங்குலம். வல்லுநர்க்கு இது மிக எளிது, குறுக்க வேண்டும் என்போர் உண்டு. குறுக்கினால் எல்லாரும் அஞ்சி அஞ்சித்தான் ஆடுவார்கள், பார்ப்பவர் எழுந்து போவார்கள் என்போரும் உண்டு. எம் தெருவின் வழக்கும் இதுவே.

தஜ்வீத் கலையில் பிழையை இரண்டாகப் பிரிப்பார்கள். எழுத்தோ உயிர்க்குறியோ மாறிச் சொல் சிதைவது லஹ்ன் ஜலீ, வெளிப்படையான பிழை. ஓதத் தொடங்கிய சிறுவனுக்கும் அதில் சலுகை இல்லை. குன்னாவின் ஒலிப்பிலும் மத்தின் நீளத்திலும் நேரும் குறை லஹ்ன் கஃபீ, மறைவான பிழை. அது பயின்ற செவிக்கே புலப்படும்.

கேரத்திலும் இப்படிப் பிரிக்கலாம் என்றேன். ஸ்டிரைக்கர் விழுந்தால் காய் திரும்ப வைத்தாக வேண்டும். ஃபாலோ இல்லாத ரெட் நடுவுக்கே திரும்ப வேண்டும். ஸ்டிரைக்கர் இரு கோட்டையும் தொட்டிருக்க வேண்டும். இவை எந்தப் பலகையிலும் எவருக்கும் ஒன்றே. அடிகோட்டின் முனை வட்டத்தை முழுதும் மூட வேண்டும் அல்லது தொடவே கூடாது என்பதும், கை அம்புக்குறிக் கோட்டைத் தாண்டலாகாது என்பதும் நுட்பமானவை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு இவற்றில் தண்டனை வேண்டாம்.

ஆனால் சொல்லாமலும் விடலாகாது. சிறுவயதில் திருத்தப்படாத கஃபீ நாற்பது வயதிலும் நாவை விட்டு நீங்குவதில்லை. ஓதக் கற்பிக்கும் எவரும் இதை அறிவர். எம் தெருவில் எவராலும் வெல்ல முடியாத பையன் ஒருவன் வெளியூர்ப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றான். குறி தவறவில்லை, கைதான் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தது. ஆகவே பெரிய பலகையை வாங்குவதே சரி என்று தீர்ப்புச் சொன்னேன்.

அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தேன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒரு முஸ்லிம் தகப்பனாரின் மகள். எம் தெருவிலும் பெண்மக்கள் ஆடுகிறார்கள். முற்றத்தில், ஓரம் தேய்ந்த சிறு பலகையில். புதுப் பலகை இளைஞர் கூடும் அறையிலேயே கிடந்தால் அதன் துளை எத்தனை நியாயமாக இருந்தும் அவர்களுக்குப் பயனில்லை. வாரத்தில் மூன்று நாள் அது ஏதேனும் ஒரு வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டும் என்றேன். சிலர் முகம் சுளித்தனர். மூத்தவன் ஒருவன், “தூக்கிச் செல்ல நான் பொறுப்பு, ஹஜ்ரத்” என்றான்.

பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆடுவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, அதையே வென்றவனுக்குக் கொடுக்கலாமா என்று ஒருவன் மெல்லக் கேட்டான். அது கிமார், சூதாட்டம். அதில் சிறுவர்க்கும் ருக்ஸத் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.