பாட்டியாரின் குடி

பறங்கியர் என்றதும் வாசகர் பலருக்குக் கோட்டையும் பீரங்கியும் நினைவுக்கு வரலாம். எமக்கு நினைவுக்கு வருபவர் எம் அன்னையைப் பெற்ற பாட்டியாரே. மட்டக்களப்பு நகரிலே தச்சுத்தொழில் செய்த பறங்கியர் குடும்பத்திற் பிறந்த அவர், கரடியனாற்றில் வயல் செய்த தமிழரொருவரை மணந்து இவ்வூருக்கு வந்தார். எம்மோடு தமிழ் பேசுவார். தமையனார் வந்துவிட்டாலோ, எமக்கு விளங்காத போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசுவர்.

அவர்தம் முன்னோர்க்கு வாய்த்த பெயர்கள்தாம் எத்தனை! பிராங்கியர் என்னும் ஐரோப்பிய இனப்பெயரை அராபியரும் பாரசீகரும் மேலைநாட்டார் யாவருக்கும் இட்டு வழங்க, அது தமிழிற் பறங்கியாயிற்று. 1606இல் மதுரைக்கு வந்த பாதிரியார் தெ நொபிலி, தாம் பறங்கியல்லர் என்று வற்புறுத்த வேண்டிய அளவுக்கு அது இழிசொல்லாக இருந்தது. போர்த்துக்கேயர் கலப்பிற் பிறந்தோரை மெஸ்தீசோ என்றனர். தோப்பாஸ் என்றும் ஒரு பெயர் உண்டு. அது தொப்பியிலிருந்து வந்தது என்பாரும், இருமொழி வல்ல துபாஷியிலிருந்து வந்தது என்பாரும் உளர். ஒல்லாந்தர், கொம்பனிச் சேவையிலில்லாத சுதந்திரக் குடிமகனைப் பேர்கர் என்றனர். தொழிலையும் உரிமையையும் குறித்த அச்சொல், ஆங்கிலேயர் காலத்தில் இரத்தத்தைக் குறிக்கலாயிற்று.

கோல்புறூக் விசாரணைக் குழுவினர் இலங்கைக்கு வந்திருந்த காலத்திலே, பிரதம நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லி இதற்கு விளக்கம் வகுத்தார். தந்தைவழி ஐரோப்பியமாயின், தாய் எவராயினும், மணத்திற் பிறந்த பிள்ளை பேர்கர். தந்தை இந்நாட்டவராயின் அவ்வுரிமை போய்விடும், போனது மீளாது. மணமின்றிப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாயின் நாடே இனம். நீதியரசருக்குத் தாயின் நினைவு வந்தது அவ்வோரிடத்திலேதான்! 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பும் ஆங்கிலோ இந்தியர் யாரென்பதைத் தந்தைவழியிலேயே வரையறுத்தது.

எம் மட்டக்களப்பு வழக்கமோ நேர்மாறானது. இங்கே குடி தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் மணமில்லை. கோயில் உரிமைகளும் குடிப்படியே. பாட்டியாரின் தமையனார் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவர் பிள்ளைகளுக்குத் தந்தையால் பறங்கியர் என்ற பெயரும் தாயால் குடியும் கிடைத்தன. எம் அன்னைக்கோ தந்தை தமிழர் ஆதலின் அப்பெயர் இல்லை. தாய் பறங்கியர் ஆதலின் குடியும் இல்லை. உடன்பிறந்த இருவரின் பிள்ளைகளுக்குள் இவ்வளவு வேற்றுமை!

அன்னைக்கு மணம் பேச வந்த பெரியவர், வெற்றிலைத் தட்டத்தின் முன் அமர்ந்து, "புள்ள என்ன குடி?" என்று கேட்டாராம். பாட்டனார் வாய் திறக்கவில்லை. கதவோரம் நின்ற பாட்டியார், "எண்ட வயித்தில பிறந்த புள்ள. எண்ட குடிதான்" என்றாராம். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப ஒரே குடி எண்ட தடையே இல்ல" என்று சொல்லி வெற்றிலையை எடுத்துக்கொண்டாராம். எம் தந்தையார் அவ்வாறு வாய்த்தவரே.

இன்று அரசாங்கத்தின் குடிசன மதிப்பீட்டுத் தமிழ்ப் படிவங்களில் பறங்கியர் என்பதே முறையான பெயர். அக்கணக்கில் எம் இல்லத்தார் எவரும் இல்லை. நத்தார்க் காலத்தில் மட்டும் நகரின் டச்பார் குடியிருப்பிலிருந்து பாட்டியாரின் உறவினர் பலகாரத் தட்டுகளோடு வருவர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அங்கே பலரை வாரிச் சென்றபின், வருவோர் தொகை குறைந்துவிட்டது. எஞ்சியோர் இன்றும் வருகின்றனர். வாசலில் நின்று எம் அன்னையின் பெயரையே சொல்லி எம்மை அழைக்கின்றனர்.