கட்டம் கட்டுவதற்கு முன்...

பி.காம். படித்தவனிடம் கட்டத்தைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். லெட்ஜரில் எந்த எண்ணைத் தொட்டாலும், ‘நான் இந்தத் தேதி, இந்தக் கணக்கு’ என்று மேலேயும் பக்கத்திலேயும் சாட்சி வைத்திருக்கும். கட்டத்தின் கௌரவமே அதுதான்.

அந்தக் கட்டத்தை வெப் டிசைன் ஆட்கள் வேறு வேலைக்கு இழுத்துப்போன கதை தெரியுமா உங்களுக்கு?

1990-களின் நடுவில், இணையப் பக்கம் என்றால் மேலிருந்து கீழே ஓடும் எழுத்துதான். இடது பக்கம் மெனு, நடுவில் கட்டுரை என்று பத்திரிகை மாதிரி லே-அவுட் செய்யச் சரியான வழி இல்லை. கணக்கு காட்ட வந்த ‘டேபிள்’ கையில் சிக்கியது. பார்டரை எடுத்துவிட்டால் கட்டம் தெரியாது. பக்கம் மட்டும் கம்பீரமாக நிற்கும்! 1996-ல் டேவிட் சீகல் என்ற அமெரிக்கர் புத்தகமே எழுதி இந்த வித்தையைப் பரப்பினார். இடைவெளி வேண்டுமா? கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்ஸல் படத்தை வைத்து முட்டுக் கொடு! மறு வருஷமே, வெப் கெட்டுப்போனதற்குக் காரணம் நான்தான் என்று அவரே ஒரு கட்டுரையும் எழுதினார். நல்ல மனுஷர்.

டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள். மெனுவை இடம் மாற்ற வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கட்ட வேண்டும். 1997 டிசம்பரில் வந்த ஹெச்.டி.எம்.எல். 4.0, ‘வெறும் லே-அவுட்டுக்காக டேபிள் போடாதீர்கள்’ என்றது. பதிலுக்கு வந்தது ‘டிவ்’. அது சும்மா ஒரு பெட்டி. எங்கே நிற்கணும், எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் சி.எஸ்.எஸ். தனியாகச் சொல்லும்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். மலை எப்படியோ, ரோடும் அப்படி. டிவ்வும் அந்த ஜாதிதான். கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பெட்டிகள், செல்போனில் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிக்கொள்ளும்.

அப்புறமென்ன, டேபிள் என்றாலே பழைய பஞ்சாங்கம் என்றாகிவிட்டது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

சேலத்தில் எனக்கொரு நண்பர். வங்கி வேலை. பார்வை கிடையாது, செல்போனில் இருக்கும் ஸ்க்ரீன் ரீடர் படித்துச் சொல்ல, காதால் பார்ப்பவர். கோடை விழா சமயத்தில் குடும்பத்தோடு ஏற்காட்டில் தங்க, ஒரு விடுதியின் பக்கத்தைத் திறந்தார். புத்தம்புது டிசைன். மருந்துக்கும் ஒரு டேபிள் கிடையாது.

‘‘முதல்ல நாலு ரூம் பேரு சொல்லுதுங்க. அப்புறம் எட்டு விலை சொல்லுது. எது எந்த ரூமுக்கு, எது சீசன் ரேட்டு... ஒண்ணும் புரியலை’’ என்றார்.

‘‘பொண்ணைப் படிக்கச் சொல்றதுதானே?’’

‘‘சொல்லலாம். ஆனா டூர் கூட்டிட்டுப் போறது நான்தானே சார்?’’

அந்தக் கட்டண விவரத்தை முறையான டேபிளில், தலைப்புகளை ‘இது தலைப்பு’ என்று குறித்துப் போட்டிருந்தால், ஸ்க்ரீன் ரீடர் ‘லேக் வியூ, சீசன்’ என்று சொல்லிவிட்டு விலையைச் சொல்லும். டிவ்வுக்கு அந்தச் சொந்தபந்தம் தெரியாது. கண்ணுக்குக் கட்டமாக இருந்தது, காதுக்கு எட்டு அநாதை எண்கள்.

லே-அவுட்டுக்குக் கட்டம்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே ‘சி.எஸ்.எஸ். கிரிட்’ 2017-லேயே முக்கிய பிரவுசர்களுக்கு வந்துவிட்டது. டேபிளை அதன் சொந்த வேலைக்கு விட்டுவிடலாம்.

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது வெப்சைட் செய்கிறார்களா? ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ‘இந்த எண்ணுக்கு மேலே ஒரு தலைப்பு, பக்கத்தில் ஒரு தலைப்பு இல்லாவிட்டால் அர்த்தம் போய்விடுமா?’ ஆமாம் என்றால் டேபிள். இல்லையென்றால் டிவ். எது ஃபேஷன் என்று கேட்டு முடிவு செய்தால், ரூம் காலியாக இருந்தும் ஒருவர் மலையேற முடியாமல் கீழேயே நிற்பார்.