பெட்ரோல் தின்ற சக்கரம்

புதுக்கோட்டையிலிருந்து திருமயத்திற்கும் கீரனூருக்குமாக எம்மை நெடுநாள் சுமந்து வந்த மோட்டார் வண்டி, லிட்டர் ஒன்றுக்கு 16 கிலோமீட்டர் ஓடுவது வழக்கம். சென்ற ஆடியில் அது திடீரென 13 ஆயிற்று. தொட்டியை விளிம்புமட்டும் நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டோம், 13 தான்.

எரிசாராயம் கலந்த பெட்ரோலே காரணமென்றார் நண்பரொருவர். எரிசாராயத்தின் வெப்ப ஆற்றல் பெட்ரோலினும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவென்பது மெய்யே. ஆயினும் நூற்றுக்கு 20 பங்கு கலந்தால் இழப்பு நூற்றுக்கு 7 அளவில் நிற்குமன்றி, 16 ஐ 13 ஆக்குமோ? சக்கரங்களிற் காற்று சரியாயிருந்தது. காற்று வடிகட்டியும் தூயதே. எஞ்சியவர் ஓட்டுநர். பன்னிரண்டாண்டு எம்மோடிருந்தவரிடம் ஒரு சொல்லும் வினவாது, தொட்டி மூடிக்குப் பூட்டு வாங்கினோம். அவர் அதைக் கண்டார்; ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் திருமயம் கோட்டையடியில் வண்டியை நிறுத்தியதும், அவர் சக்கரங்களைச் சுற்றிவந்து, "ஐயா, தொடாமல் இங்கே கையை நீட்டிப் பாருங்கள்" என்றார். பின்புறத்து இடச்சக்கரம் மட்டும் அனலாய்க் கொதித்தது! ஆறியபின் ஜாக்கியிட்டு உயர்த்தினோம். வலச்சக்கரம் எளிதிற் சுழல, இது முனகி நின்றது. கைப்பிரேக்கின் கம்பி துருவேறி, விடுவித்த பின்னும் பிரேக்கை விடாது பற்றியிருந்திருக்கின்றது. கம்பியை மாற்றினோம். அடுத்த கணக்கில் 15½.

பூட்டின் சாவியை அவர் கையிலேயே கொடுத்தோம். அதைச் சட்டைப்பையிலிட்டுக்கொண்டு, "நாளைக்குக் கீரனூர் எத்தனை மணிக்கு, ஐயா?" என்றார்.