மேல்சித்தாமூரில் ஒரு ஹெரால்டு

மேல்சித்தாமூருக்குத் தேர் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. மடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைத் தரிசிக்கப் போகிறவர்களும் உண்டு. நான் போனதோ ஒரு காரின் முன் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வர! கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சாண்கூட நீளமில்லாத பிளாஸ்டிக் கார்தான். ஆனால் அதன் கண்ணாடியை உடைத்தவள் நான் என்பதால், என் மனத்தில் அது மட்டும் நிஜக் காரின் கனம் கனத்துக்கொண்டிருந்தது.

அது 1996-ல் நடந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. தேருக்காகப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அலமாரியில் வெளிர்நீல வர்ணம் அடித்த அந்தக் குட்டிக் கார் நின்றது. எட்டி எடுத்தேன்; முழங்கை பட்டது; 'டிக்' என்று ஒரு சத்தம். சப்தம் காட்டாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாயசம் சாப்பிட ஓடிவிட்டேன். பெரியப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காததால் அந்த 'டிக்' மட்டும் என்னோடு கூடவே வளர்ந்தது.

பெரியப்பா சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஹெரால்டு கார் அவர் கைபட்டு வெளியே போன காலம் அது. 1969-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், 'உன் காரே வந்திருக்கிறது பார்' என்று ஒரு பாலிதீன் பையைக் கொடுத்தாராம். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டு. நிஜக் காரின் 32-ல் ஒரு பங்கு. துண்டு துண்டாக இருக்கும். நாமே பசை வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். சொந்தமாக ஒரு கார் வாங்காத பெரியப்பாவுக்கு அதுதான் சொந்தக் கார்.

அந்தக் கம்பெனி அதே காரைப் பழைய அச்சிலிருந்தே மறுபடி வெளியிட்டிருந்த செய்தி எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. லண்டனிலுள்ள ஒரு சிநேகிதி தேடிப் பிடித்து அனுப்பினாள். கண்ணாடியைப் பெரியப்பாவிடம் ரகசியமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன். பெட்டியைப் பார்த்த என் பத்து வயது மகனிடமும், "ஊருக்குப் போய் நீயே ஒட்டலாம்" என்று வாக்களித்திருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி என்பது தாம்பரம் தாண்டும் வரை எனக்கு உறைக்கவே இல்லை!

தாம்பரத்தை அடுத்துப் பெருங்களத்தூர். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்தது இந்தச் சாலையில்தான். மகனுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் அறிமுகமானது. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். உடம்பு முழுவதும் ஒரே கூடாக இராது. தனித்தனித் தகட்டுப் பாகங்களை நட்டும் போல்ட்டும் போட்டு அடிச்சட்டத்தின்மேல் பூட்டுவார்கள். பாகங்களாகக் கப்பலேற்றி வேறொரு தேசத்தில் கார் ஆக்குவதற்கு வசதி. சென்னையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரோடு வந்தது. முதலில் இரண்டு கதவு. பிறகு நம் குடும்பங்களின் அளவைப் பார்த்தோ என்னவோ, நான்கு கதவு. அந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உண்டு.

"அப்போ தாத்தா செஞ்சதும் பெரிய கிட்தானேம்மா?" என்றான் மகன். சரியாகத்தான் சொன்னான். பிறகு செய்முறைத் தாளை விரித்து, "கண்ணாடிதான் ரொம்பக் கஷ்டமாம். பசை பட்டா வெள்ளையாயிடுமாம். நான் ஜாக்கிரதையா ஒட்டுவேன்" என்றான். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

திண்டிவனத்தில் செஞ்சி சாலை பிடித்ததும் பூமியின் முகமே மாறிவிடுகிறது. யாரோ கூடை கூடையாகக் கொட்டியது போல உருண்டைப் பாறைகள் குவிந்த குன்றுகள். நடுவே நெல்லும் மணிலாவும். கிளைச்சாலையில் திரும்பிச் சற்று தூரம் போனால் கோபுரம் கண்ணில் படும். தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமையிடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் ஆலயத்தில் மானஸ்தம்பமும் உண்டு. மலைநாதர் கோயிலில் ஒரே பாறையில் பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி, அம்பிகை முதலிய உருவங்கள் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். கல்லில் செய்ததற்கு மறுபதிப்பு வேண்டியதில்லை. செதுக்கியவர் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஏட்டுச்சுவடி அப்படியல்ல. பூச்சி அரிக்கும், ஓலை ஒடியும். தலைமுறைக்குத் தலைமுறை யாராவது பார்த்து எழுதியாக வேண்டும். எழுதி முடித்தவர் கடைசியில் தம் பெயரையும் நாளையும் குறித்து, பிழையிருந்தால் பொறுத்தருளவேண்டும் என்று கேட்டுக்கொள்வது அந்நாளைய வழக்கம். மரத்தேரின் விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். எந்த ஊர்த் தேரானாலும் உளுத்த சட்டத்தை மாற்றுவார்கள், சக்கரத்தை மாற்றுவார்கள். அளவை மட்டும் மாற்றமாட்டார்கள்.

தரிசனம் முடித்து வீட்டுக்குப் போனோம். பெரியப்பாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. கண் புரைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை. பெட்டியைத் திறந்த மனுஷர் ஐந்து நிமிஷம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பழைய காரையும் வெர்னியரையும் எடுத்து வந்தார்.

"நிஜ ஹெரால்டுல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தொண்ணூத்தொண்ணரை அங்குலம். முப்பத்திரண்டால வகுத்தா எவ்வளவு, தம்பி?"

மகன் தாளில் வகுத்து, "2.86" என்றான். பெரியப்பா பழையதை அளந்தார், புதியதை அளந்தார். "ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான்" என்று தலையாட்டினார்.

அச்சு என்பது எஃகில் வெட்டிய இரண்டு பாதி. மூடி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தித் தள்ளுவார்கள். ஆறும்போது பிளாஸ்டிக் நூற்றுக்கு அரைப்பங்கு போலச் சுருங்கும். அதனால் அச்சை அவ்வளவு பெரிதாகவே வெட்ட வேண்டும். நிறைய அடித்தால் விளிம்பு தேய்ந்து, இரு பாதியும் சேரும் இடத்தில் பிசிறு தள்ளும். எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தினால் எத்தனை வருஷம் கழித்தும் அதே பாகத்தை அடித்து எடுக்கலாம். 2006-ல் ஏர்ஃபிக்ஸ் கைமாறி ஹார்ன்பி கம்பெனிக்குப் போனபோது, பெயரைக் காட்டிலும் பெரிய சொத்து அந்த அச்சுகள்தான்.

எல்லா அச்சுக்கும் இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் ஏ.எம்.டி. கம்பெனி 1958 முதல் வருஷா வருஷம் புது மாடல் கார்களை 25-ல் ஒரு பங்காக வெளியிட்டது. அடுத்த வருஷ மாடலுக்குப் பெரும்பாலும் புது அச்சு வெட்டுவதில்லை, பழையதையே திருத்திவிடுவார்கள். பட்டுப்புடவையை வெட்டிப் பாவாடை தைத்த பிறகு புடவை வேண்டுமென்றால் எங்கே போவது? மறுபடி வேண்டுமானால், தப்பிப் பிழைத்த பழைய காரை அளந்து புது அச்சு வெட்ட வேண்டும். அப்போதுதான், 'கூரை உயரம் சரியில்லை, விளக்கின் வளைவு சரியில்லை' என்று ரசிகர்கள் பூதக்கண்ணாடியோடு வருகிறார்கள்!

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1960-களின் இறுதியில் கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் வந்த உலோகக் கார்கள், இங்கிலாந்தின் டிங்கி பொம்மைகளுக்கு உழைத்து ஓய்ந்த அச்சுகளில் வார்த்தவை. பொம்மை எதற்கு? 2014 வரை ஓடிவந்த நம் அம்பாஸடரே மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மறுபதிப்புதானே!

பேச்சுவாக்கில் பெரியப்பா புதுக் கண்ணாடியை எடுத்துப் பழைய காரில் வைத்தார். ஓசைப்படாமல், அங்கேயே பிறந்தது போல உட்கார்ந்துகொண்டது. அரை நூற்றாண்டு இடைவெளி; மயிரிழை பிசகவில்லை. அவர் முகம் மலர்ந்தது. என் மகன் முகம் வாடியது. வாய்விட்டுக் கேட்கவில்லை, பாவம். செய்முறைத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தான். இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த அச்சு மறுபடி எப்போது இயந்திரத்தில் ஏறும் என்று யார் கண்டது?

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "இது உன் காரோடது. எனக்கு இதைப் பார்த்து ஒண்ணு செஞ்சுக்கத் தெரியும்" என்றார்.

தேக்குத் துண்டு ஒன்றைக் கண்ணாடியின் வளைவுக்கு இழைத்தார். மிட்டாய் டப்பாவின் தெளிவான மூடியை, நடுவில் துளையிட்ட இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையே இறுக்கினார். அதை அனலில் காட்டி, தளர்ந்ததும் மரத்தின்மேல் அழுத்தினால் வளைவு பிடித்துக்கொள்ளும். அதற்கு அடுப்பு வேண்டுமே! எங்கள் வீடுகளில் பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடித்துவிடுவது வழக்கம். "ரசம் இறக்கினா அடுப்பை அணைச்சிடுவேன். அதுக்குள்ள உங்க தொழிற்சாலையை முடிச்சுக்குங்க" என்றார் பெரியம்மா.

முதல் கண்ணாடி அழகாகத்தான் வந்தது; காரில் ஏறவில்லை. விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. மூவரும் விழித்தோம். மகன்தான், "தாத்தா, மரம் கண்ணாடி அளவுக்கு இருக்கு. அதுக்கு மேல மூடியோட கனமும் சேருதே" என்றான்.

பெரியப்பா நெற்றியில் தட்டிக்கொண்டார். "டூல் ரூம்ல இந்தத் தப்பு பண்ணியிருந்தா என்னை வெளியே நிறுத்தியிருப்பாங்க!"

மூடியின் கனம் கால் மில்லிமீட்டர். அந்த அளவுக்கு மரத்தை உப்புத்தாளில் தேய்த்தார். பெரியம்மா ரசத்தை இறக்கினார். வாசலில் வெயில் மஞ்சளித்துவிட்டது. இரண்டாவது மூடி அனலில் துவண்டது, அழுத்தினார், ஆறவிட்டார், கத்தரித்தார். காரில் வைத்து மெல்ல அழுத்தியபோது 'டிக்' என்றது. அதே சத்தம்! ஆனால் இம்முறை உடைந்த சத்தமில்லை, உட்கார்ந்த சத்தம்.

"பெரியப்பா, அன்னிக்கு அதை உடைச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும் பாப்பா. அடுப்பங்கரையில நீ பாயசம் குடிச்சப்போ முழங்கையில வெளிர்நீல வர்ணம் ஒட்டியிருந்தது" என்றார் அவர், காரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாப்பாட்டுக்குப் பின் மகன் தன் ஹெரால்டை ஒட்டத் தொடங்கினான். பெரியப்பா பழைய காரின் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அடியில் மையால் எழுதினார்: 'முன் கண்ணாடி மட்டும் சித்தாமூரில் செய்தது.' கீழே தேதியும் போட்டார். நாளைக்கு யார் கையில் போனாலும் எது பழசு, எது புதுசு என்று தெரியவேண்டுமாம்.

"உடைச்சது யாருன்னு எழுதலையே?" என்று கேட்டேன்.

"ஏடு எழுதினவங்க, பிழை பொறுக்கணும்னு கேட்டுக்கிட்டாங்களே, அதுலயே உன்னையும் சேர்த்துக்கோ" என்றார் பெரியப்பா.