செவிசாய்க்காத ஒலி

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்புகையில், கரிசல் காட்டின் நடுவே எங்கள் பழைய டீசல் அம்பாசிடர் நின்றுவிட்டது. பல மாதங்களாகவே எஞ்சினின் முன்புறம் சலசலத்தது. ‘பருத்தி விற்றபின் பார்ப்போம்’ என்று நாங்கள்தாம் தள்ளிப்போட்டிருந்தோம்.

பட்டறையில் மெக்கானிக் முன்மூடியைத் திறந்தார். டைமிங் செயின் அறுந்திருந்தது. “டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிவரை ஏறும், ஐயா. செயின் அறுந்ததும் அது வால்வுகளை இடித்து வளைத்துவிட்டது” என்றார். செயினோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்த பருத்திப் பணத்தையும் விழுங்கிற்று. அவள் எதுவும் சொல்லவில்லை. அதுவே எங்களைச் சுட்டது.

2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. உதிரிபாகங்களுக்கு மதுரைவரை அலைந்தோம். பல்சக்கரக் குறிகளை நேர்படுத்திச் செயினைப் பூட்டியவர், எஞ்சினைக் கையாலேயே இரு முழுச் சுற்று சுழற்றி, எதுவும் இடிக்கவில்லை என்றறிந்த பின்னரே ஸ்டார்ட் செய்தார்.

இல்லத்திலும் சிறு முணுமுணுப்பு எழும் அன்றே செவிசாய்ப்போமா?