புரதம் எங்கே இருக்கிறது?

ஈஸ்ட் செல்லின் குறுக்களவு சுமார் 5 மைக்ரான். அதற்குள் ஏறத்தாழ 6,000 வகைப் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு புரதம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அதன் வேலையை ஊகிக்க நல்ல தொடக்கம் கிடைத்துவிடும்.

ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஜெல்லி மீனிலிருந்து பிரித்தறிந்த பச்சை ஒளிர் புரதம்தான் எங்களுக்கு விளக்கு. வேண்டிய மரபணுவின் கடைசியில் இந்த ஒளிர் புரதத்தின் மரபணுவை ஒட்டாகச் சேர்க்கிறோம். சேர்க்கும் டி.என்.ஏ. துண்டின் இரு முனைகளிலும், சேரவேண்டிய இடத்தோடு பொருந்தும் 40 எழுத்துகள் இருந்தால் போதும். உரிய இடம் பார்த்து ஈஸ்ட்டே அதைக் கோத்துக்கொள்ளும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் எரின் ஓஷே, ஜோனதன் வைஸ்மன் குழுவினர் இப்படி 4,156 புரதங்களை ஒளிரவைத்துப் பார்த்து, 22 வகை இடங்களாகப் பிரித்து 2003இல் வெளியிட்டார்கள். இன்றும் பலர் முதலில் தேடிப் போவது அந்தத் தொகுப்பைத்தான்.

நுண்ணோக்கியில் கண் பழகப் பழக வடிவங்கள் பிடிபடும். உட்கருவைச் சுற்றி ஒரு வளையம், செல்லின் ஓரமாக இன்னொரு வளையம், இரண்டையும் இணைக்கும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது எண்டோபிளாச வலை. நூல் நூலாக ஓடினால் மைட்டோகாண்ட்ரியா. தாய்ச் செல்லும் மொட்டும் சேரும் கழுத்தில் மட்டும் மோதிரம்போல் மின்னினால் செப்டின் புரதம். செல் முழுக்க மங்கலாக ஒளிர்ந்தால் அவசரப்படக் கூடாது. இறந்த செல்லும் ஒளிரும். சத்து நிறைந்த வளர்ப்பூடகமும் தானே ஒளிரும். அதனால் ஒட்டு இல்லாத ஈஸ்ட்டையும் அதே ஒளியில், அதே நேர அளவில் படம் எடுத்து ஒப்பிடுகிறோம்.

ஒட்டு எந்த முனையில் இருக்கிறது என்பதும் முடிவை மாற்றும். பெராக்சிசோமுக்குப் போகும் பல புரதங்களின் கடைசி மூன்று அமினோ அமிலங்களே அவற்றை அங்கே கொண்டு சேர்க்கின்றன. அந்த முனையில் ஒட்டினால் அடையாளம் மறைந்து, புரதம் சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடும். இஸ்ரேலின் வைட்ஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் மாயா ஷுல்டினர் குழுவினர் முன்முனையில் ஒட்டிய தொகுப்பை உருவாக்கியது இந்தத் துறைக்குப் பெரிய கொடை.

இவ்வளவு பார்த்தாலும் ஒரு புரதத்துக்கு நிலையான இடம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. குளுக்கோஸ் நிறைய இருக்கும்போது எம்.ஐ.ஜி.1 என்ற புரதம் உட்கருவுக்குள் இருக்கும். குளுக்கோஸ் தீர்ந்தால் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். எம்.எஸ்.என்.2 என்ற புரதமோ நெருக்கடி வந்தால்தான் உட்கருவுக்குள் போகும். சர்க்கரை உள்ள ஊடகத்தில் எடுத்த படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் போக்குவரத்து தெரியவே தெரியாது.

இந்தத் துறைக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுப்பில் சொல்லியிருக்கும் இடத்தை வைத்து ஆய்வைத் தொடங்குங்கள். ஆனால் எந்த முனையில் ஒட்டு, எந்த ஊடகம், எந்த வளர்ச்சி நிலை என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு புரதத்தின் இடத்தை உறுதியாக எழுதிவிடாதீர்கள்.